பூட்டிய வாயும் திறந்த வாயிலும்

தோழனே!

ஒலிபெருக்கி முழங்குகிறது! முகூர்த்த நாளன்று காரைக்குடியிலே செக்காலைப் பக்கமோ, சற்றுத் தள்ளிப் புதுவயல், பள்ளத்தூர், குன்றக்குடி, கல்லல் என்று சுற்றுப்புற ஊர்களிலோ நீ நடந்து சென்றால், கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை மூடிக்கொள்ள இயலாது. தெருமுனையிலே இரண்டாள் உயரத்துக்குப் பதாகை. அதிலே பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் படம். பட்டும் நகையும் அவளைச் சுமக்கின்றனவா, அவள் அவற்றைச் சுமக்கிறாளா என்று ஐயுறும் அளவுக்கு அலங்காரம்! சுற்றிலும் வட்டம் வட்டமாகத் தாய்மாமன்மார் படங்கள். அவர்களுக்கு மேலே தலைவர்கள் படங்கள். நம் கழகத் தோழர் சிலரும் கைகூப்பி நிற்கிறார்கள். பூப்புனித நீராட்டு விழாவாம்! மாமன் சீர் வருகிறது, வாணவேடிக்கையோடு. தட்டு எத்தனை என்று எண்ணுகிறார்கள். மொய் எவ்வளவு என்று மைக்கிலே அறிவிக்கிறார்கள். இன்னார் மகளின் உடலிலே ஒரு மாறுதல் நிகழ்ந்துவிட்டது என்னும் செய்தி, ஊருக்கு, உறவுக்கு, வழிப்போக்கனுக்கு, பேருந்துப் பயணிக்கு, அனைவருக்கும் அறிவிக்கப்பட்டுவிட்டது. ஒரே ஒருத்திக்கு மட்டும் விளக்கம் தரப்படவில்லை. பதாகையிலே நிற்கிறாளே, அந்தச் சிறுமிக்கு!

அவளுக்கு என்ன சொன்னார்கள்? ஓரமாக உட்கார் என்றார்கள். அதைத் தொடாதே, இதைத் தொடாதே என்றார்கள். இனிமேல் பையன்களோடு பேச்சு வேண்டாம் என்றார்கள். ஏன் குருதி வருகிறது, எங்கிருந்து வருகிறது, அது நோயா, தண்டனையா, தன் உடலுக்குள் நடப்பது என்ன என்று சொல்லத்தான் அங்கே ஒருவருக்கும் நாவெழவில்லை. கேட்டால் வெட்கம் என்கிறார்கள். தெருவெல்லாம் பதாகை கட்டியபோது எங்கே போயிற்று அந்த வெட்கம்?

பாலியல் கல்வி பற்றித்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன். முகத்தைச் சுளிக்காதே. ‘கல்லூரிப் படிப்பையே முடிக்காதவன் கல்வி பற்றிப் பேசக் கிளம்பிவிட்டான்’ என்று மாற்று முகாமிலே ஒரு குரல் எழும், எழட்டும். அரசியல் கட்டுரை எழுத வேண்டிய இடத்திலே இது ஏன் என்று நம் முகாமிலேயே ஒரு குரல் எழுமே, அதுதான் எனக்குக் கவலை. ஒரு சமுதாயம் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று முடிவுகட்டும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைவிடப் பெரிய அரசியல் ஏதும் உண்டா!

செட்டிநாட்டு வீட்டைப் பார்த்திருப்பாய். முகப்பு, பட்டாலை, வளவு, அடுத்த கட்டு, அதற்கடுத்த கட்டு என்று ஒரு தெருவிலே தொடங்கி மறு தெருவிலே முடியும் மாளிகை. பர்மாத் தேக்கிலே கதவு. முழ நீளச் சாவி. பெட்டகத்துக்குள் பெட்டகம். கொண்டுவிற்கப் போன கணவன்மார் ஆண்டுக்கணக்கிலே கடல் கடந்திருந்த காலத்தில், பெண்டு பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கட்டிய கோட்டை அது. இன்று அந்த வீட்டில், வளவின் தூணோரம், ஒன்பது வயதுப் பிள்ளை அமர்ந்திருக்கிறது. கையிலே கைபேசி. அந்தக் கைபேசிக்கு முகப்பும் இல்லை, கதவும் இல்லை. உலகத்திலுள்ள எந்த அயோக்கியனும் செருப்பைக் கழற்றாமல் நேரே உள்கட்டுக்கு வந்துவிடலாம்!

‘கைபேசியைப் பிடுங்கிவிடு’ என்பார்கள். எளிதா அது? 2020-லே கொள்ளைநோய் வந்து பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, பாடமே கைபேசி வழியாகத்தான் வந்தது. தாலியை அடகு வைத்தும் வாங்கிக் கொடுத்தார்கள். பள்ளி திறந்த பிறகும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவிலே வருகிறது. அதைவிட, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தந்தை சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்! இரவு எட்டரை மணிக்குத் தந்தையின் முகம் தோன்றுவது அந்தக் கண்ணாடியிலேதான். அதைப் பிடுங்கினால் பிள்ளையிடமிருந்து தகப்பனையே பிடுங்கியதாகும்.

நாடகம் எழுதுகிறவன் அல்லவா, காட்சியாகவே காட்டிவிடுகிறேன்.

வளவிலே அப்பத்தா கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி புத்தகத்தோடு வருகிறாள்.

“அப்பத்தா! அறிவியல் புத்தகத்திலே ‘வளரிளம் பருவமடைதல்’னு ஒரு பாடம் இருக்கு. டீச்சர் அதை மட்டும் வீட்டிலே படிச்சுக்கங்கன்னு சொல்லிட்டாக.”

“அப்ப உங்க ஆத்தாகிட்டப் போய்ப் படி.”

“ஆத்தா, பள்ளிக்கூடத்திலே கேட்டுக்கன்னு சொல்றாக.”

“அதெல்லாம் வயசு வந்தாத் தானாத் தெரியும். போய்ப் பல்லாங்குழியை எடுத்துக்கிட்டு வா, போ!”

பேத்தி போகிறாள். பல்லாங்குழியை எடுக்கவில்லை. கைபேசியை எடுக்கிறாள். படுதா விழுகிறது!

படுதாவுக்குப் பின்னால் நடப்பதைச் சொல்கிறேன், கேள். கயவன் இந்தக் காலத்திலே சுவரேறிக் குதிப்பதில்லை. விளையாட்டிலே வந்து சேர்ந்துகொள்கிறான். திரையிலே துப்பாக்கிச் சண்டை நடக்கிறது. கூட ஆடுகிறவன் தனக்கும் பதின்மூன்று வயதுதான் என்கிறான். முதலில் பாராட்டு: உன்னைப்போல் ஆட ஆளில்லை! அடுத்துப் பரிசு: ஆட்டத்துக்குள் செல்லுபடியாகும் நாணயம், வைரம், சட்டை. அடுத்து இரகசியம்: இங்கே கூட்டமாக இருக்கிறது, வேறிடத்தில் தனியாகப் பேசுவோம், வீட்டிலே சொல்லாதே, திட்டுவார்கள். அடுத்து ஒரு படம், சாதாரணப் படம். அதற்கடுத்து வேறொரு படம். அந்த வேறொரு படம் வந்து சேர்ந்த நொடியிலே நண்பன் மறைகிறான், எசமான் தோன்றுகிறான்! இன்னும் அனுப்பு, இல்லையேல் உன் வகுப்புக் குழுவிலே போடுவேன். பணம் எடுத்து வா, இல்லையேல் உன் அண்ணனுக்கு அனுப்புவேன். படமே அனுப்பாத பிள்ளைக்கும் இப்போது பாதுகாப்பில்லை. பள்ளி ஆண்டு விழாவிலே நடனமாடிய படம் ஒன்று கிடைத்தால் போதும். முகத்தை வைத்து உடலைப் புனைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன.

அந்த நொடியிலே பிள்ளை நினைப்பது என்ன? ‘அப்பாவிடம் சொன்னால் கொன்றுவிடுவார்.’ அந்த நினைப்பை வைத்துத்தான் அவன் தொழிலே நடக்கிறது. வட்டிக்கணக்கு அறிந்த சீமை இது, கணக்காகவே சொல்கிறேன். அவன் ஒரு காசும் முதல் போடவில்லை. முதல் போட்டவர்கள் நாம். நம் வீட்டு மௌனம்தான் அவனுக்கு முதல். அதற்கு நாள்தோறும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது குழந்தை.

‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று பள்ளியிலே சொல்லித்தருகிறார்களே, போதாதா?’ என்று கேட்பாய். சொல்லித்தரும் ஆசிரியைகளை வணங்குகிறேன். ஆனால் போதாது. கைபேசிக் கயவன் தொடுவதே இல்லையே! ஆயிரம் கல் தொலைவிலே இருந்துகொண்டு, விரல் நுனிகூடப் படாமல், ஒரு குழந்தையைச் சூறையாடுகிறான். மேலும், பிள்ளைக்குப் பிடித்த மனிதர், மிட்டாய் வாங்கித் தருகிறவர், மடியிலே தூக்கி வைத்துக்கொள்கிறவர் தவறு செய்யும்போது, அது கெட்டது என்று பிள்ளைக்கு உடனே தோன்றாது; தான்தான் கெட்டுவிட்டோம் என்று தோன்றும். சொல்லித்தர வேண்டியது தொடுதலை மட்டுமல்ல; கேட்பது, காட்டுவது, படமெடுப்பது, ‘யாரிடமும் சொல்லாதே’ என்பது ஆகிய அத்தனையையும்.

இன்னொன்றும் கேள். உடலுறுப்புகளுக்குப் பெயர் சொல்ல நம் வீடுகளிலே இரண்டே மொழிகள் இருக்கின்றன. ஒன்று குழந்தையிடம் பேசும் கொஞ்சுமொழி. மற்றொன்று தெருச் சண்டையிலே பேசும் வசைமொழி. இரண்டுக்கும் நடுவிலே தமிழ் இல்லை! தமிழ் வாழ்க என்று முழங்கிய இயக்கம் நாம். ஏழு வயதுக் குழந்தை தனக்கு நேர்ந்த கொடுமையை, நீதிமன்றத்திலே நீதிபதியிடம், ‘அங்கே’ என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நிற்கிறது என்றால், அந்தக் குழந்தைக்குச் சொல் கொடுக்காதவர்கள் யார்?

2007-லே இந்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலங்கள், 12,447 குழந்தைகள். ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 விழுக்காடு. அவர்களிலே பாதிக்குமேல் ஆண்பிள்ளைகள்! பெண் பிள்ளைக்குத்தான் காவல் வேண்டும், பையனுக்கு என்ன என்று இருப்பவர்கள் அந்த வரியை இருமுறை படிக்கவேண்டும். கொடுமை செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் எவரிடமும் சொல்லவில்லை.

சென்னை அயனாவரத்திலே 2018-லே வெளிவந்த கொடுமையை நினைத்துப் பார். செவித்திறன் குறைந்த 11 வயதுச் சிறுமி. அடுக்குமாடிக் குடியிருப்பு. சுற்றுச்சுவரும் காவலாளும் உண்டு. அந்தக் காவலாள் உள்ளிட்டோரே குற்றவாளிகள்! பல மாதம் நடந்திருக்கிறது. தன் அக்காளிடம் அவள் வாய்திறந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. 2020 பிப்ரவரியிலே 15 பேருக்குத் தண்டனை கிடைத்தது.

2024 ஆகஸ்டிலே கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளியொன்றில் போலி என்.சி.சி. முகாம் நடந்ததே, அதிலே என்ன நடந்தது? சிறுமி வாய்திறந்தாள், துணிந்து சொன்னாள். பெரியவர்கள் வாயை மூடச் சொன்னார்கள்! பள்ளியின் மானம் போகுமாம்! போக்சோ சட்டம், 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையிலிருக்கும் சட்டம், தெளிவாகச் சொல்கிறது: தெரிந்தும் புகார் தராமல் இருப்பதே குற்றம். நிறுவனத்தின் பொறுப்பிலே இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்பவர்களிடம் அந்தப் பிரிவை எடுத்துக் காட்டு.

பொள்ளாச்சியை மறந்திருக்கமாட்டாய். 2019 பிப்ரவரியிலே ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுத்தாள். நட்பென்று பழகி, நம்பவைத்து, படமெடுத்து, படத்தைக் காட்டி மிரட்டிய கூட்டம் அம்பலமாயிற்று. நம்பி வந்தவளின் கதறல் கைபேசி கைபேசியாகப் பரவி, நாடு முழுவதும் நெஞ்சம் கலங்கிற்று. புகார் கொடுத்தவளின் பெயரைக் காவல்துறை அதிகாரியே வெளியிட்டார், அரசாணையிலும் வந்தது! அதற்காக 25 இலட்சம் இழப்பீடு தரும்படி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட வேண்டியதாயிற்று. ஆறாண்டு கழித்து, 2025 மே 13 அன்று, கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு 85 இலட்சம் இழப்பீடு. யாரை மிரட்டுவதற்காக அந்தப் படங்களை எடுத்தார்களோ, அவர்களுக்கான நீதிக்கே அந்தப் படங்கள் சான்றாயின. ஒருத்தி வாய்திறந்தாள், பிறகு மற்றவர்கள் திறந்தார்கள். வாய்திறக்காமல் போனவர்கள் எத்தனை பேரோ! அவர்களிலே ஒவ்வொருத்தியும் ஒரு காலத்தில் எட்டாம் வகுப்பு மாணவிதான். வீட்டிலே படித்துக்கொள் என்று சொல்லப்பட்ட மாணவிதான்.

‘எல்லாம் சரி. ஆனால் நம் பண்பாடு?’

வந்துவிட்டதா அந்தச் சொல்! காத்திருந்தேன். வள்ளுவர் முப்பாலில் ஒரு பாலுக்குக் காமத்துப்பால் என்றே பெயர். 25 அதிகாரம், 250 குறள். தொல்காப்பியத்திலே களவியல் என்று ஓர் இயல். சிறுவர்கள் மனப்பாடம் செய்யும் வெற்றிவேற்கையை எழுதிய அதிவீரராம பாண்டியர் பெயரிலேதான் தமிழ்க் கொக்கோகமும் வழங்கிவருகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொக்கோகம் கற்பி என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாகத் துண்டறிக்கை போடக் காத்திருக்கும் நண்பர்கள் ஏமாந்துபோகட்டும். இன்பம் என்பதை அறத்தோடும் பொருளோடும் ஒரே நூலிலே கோத்து வைத்த இனத்துக்கு, ‘பேசாதே’ என்பது பண்பாடாக இருக்க முடியாது என்கிறேன். 2016-லே மதுரைக் கிளை, அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பள்ளிகளிலே முழுமையாகக் கற்பிக்கச் சொன்னது, நன்று. மூன்றாம் பால் வாயிலுக்கு வெளியே நின்றது.

பண்பாட்டுக் காவலர்களின் பழைய கணக்கையும் புரட்டிப் பார்ப்போம். குழந்தை மணத் தடைச் சட்டம், சாரதா சட்டம், 1929-லே வந்தபோது, சாத்திரம் போயிற்று என்று அழுதவர்கள் யார்? பெண்ணுக்கு 14 வயது ஆகட்டும் என்பதற்கே அந்த ஓலம்! காரைக்குடிக்கு அண்டையிலுள்ள புதுக்கோட்டையிலே 1886-லே பிறந்த முத்துலட்சுமி, மன்னர் கல்லூரியிலே சேர வந்தபோது, பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். அவர் மருத்துவரானார், சட்டமன்றத் துணைத் தலைவரானார், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1947-லே சட்டமும் வந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-லே தாசிகளின் வாழ்வை நாவலாகவே எழுதிப் பொதுவிலே வைத்தார். பேசக்கூடாததைப் பேசிய பெண்கள்!

பெரியார் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளிலே ‘குடி அரசு’ ஏட்டில் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். நாட்டிலே மக்கள் தொகை பெருகிவிட்டதே என்று எழுதவில்லை; பெண்ணுக்கு விடுதலை வேண்டும் என்று எழுதினார். ஆபாசம் என்றார்கள். 1952-லே இந்திய அரசே குடும்பக் கட்டுப்பாட்டைத் திட்டமாக ஏற்றது. 1968-லே நிரோத் பெட்டிக்கடைக்கு வந்தது. 1986-லே சென்னையிலே டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவிலே எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தபோது, நம் நாட்டிலே அதெல்லாம் வராது என்றார்கள் சிலர். வந்தது. பிறகு புள்ளிராஜா விளம்பரம் சுவரெல்லாம் சிரித்தது; தமிழகம் முழுவதும் அதைப் பேசிற்று; கூச்சம் கலைந்தது; கிருமியின் பரவலும் குறைந்தது. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

ஆனால் பள்ளிக்கூட வாயிலிலே மட்டும் பூட்டு தொங்குகிறது. 2005-லே மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டம் தொடங்கியது. 2007-லே மகாராட்டிரம், குசராத், மத்தியப் பிரதேசம், கருநாடகம் முதலான மாநிலங்கள் அதைத் தடுத்து நிறுத்தின. 2009-லே மாநிலங்களவை மனுக்கள் குழு, வெங்கையா நாயுடு தலைமையிலே, பள்ளியிலே பாலியல் கல்வி கூடாது என்று அறிக்கை தந்தது. அதற்குப் பிந்திய ஆண்டுகளிலேதான் கைபேசி வீடுவீடாக நுழைந்தது! பாடத்தை நிறுத்தினார்கள், பாடம் நடக்காமல் இல்லை. ஆசிரியரை மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆசிரியையின் இடத்திலே ஆபாசப் படக்காரன் வந்து அமர்ந்துகொண்டான். அவன் கற்பிக்கும் பாடத்திலே பெண் மறுப்பதில்லை, ஆணுக்கு இரக்கமில்லை, எவருக்கும் அன்பில்லை. பதின்மூன்று வயதுப் பையன் அதுதான் உலகம் என்று நம்புகிறான்.

கற்றுக்கொடுத்தால் கெட்டுப்போவார்களே என்ற அச்சம் பெற்றோருக்கு இருக்கிறது. அது நேர்மையான அச்சம், அதை நான் எள்ளமாட்டேன். சுவீடன் நாடு 1955-லேயே பள்ளிகளில் இந்தக் கல்வியைக் கட்டாயமாக்கிற்று. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த யுனெஸ்கோ, 2018-லே திருத்தி வெளியிட்ட வழிகாட்டியிலே சொல்கிறது: இக்கல்வி பிள்ளைகளை அவசரப்படுத்துவதில்லை. நம் உச்சநீதிமன்றமே 2024 செப்டம்பர் 23 அன்று, சென்னையிலிருந்து சென்ற வழக்கொன்றிலே, குழந்தைகளின் ஆபாசப் படத்தை வைத்திருப்பது பற்றிய உயர்நீதிமன்றத் தீர்ப்பை மாற்றியபோது, முழுமையான பாலியல் கல்வி வேண்டும் என்று எடுத்துரைத்தது. 2025 அக்டோபரிலே மீண்டும் சொன்னது: ஒன்பதாம் வகுப்பிலே தொடங்குவது காலதாமதம், இளவயதிலேயே தொடங்குங்கள்!

தடைபோட்டால் தீராதா? 2015-லே மத்திய அரசு 857 தளங்களை மூடச் சொன்னது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாளிலே தளர்த்தியது. 2018-லே 827 தளங்களை மூடச் சொன்னது. மூடியது மூடியபடி இருக்க, புதிய பெயரிலே முளைத்தன. ஆஸ்திரேலியாவிலே 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைக்கக்கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நிறுவனங்கள் மீது பொறுப்பைச் சுமத்துகிறது அச்சட்டம், அது நல்லது. ஆயினும் பதினாறு வயது நிரம்பிக் கதவு திறக்கும்போது அந்தப் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்கும் என்ற கேள்வி அங்கும் மிச்சமிருக்கிறது, இங்கும் மிச்சமிருக்கிறது.

காதலைப் பற்றியும் சொல்லியாகவேண்டும், சாதி அதிலே ஒளிந்திருப்பதால். பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் காதலிக்கிறார்கள். 18 நிரம்பாதவரின் இசைவைச் சட்டம் இசைவாகக் கொள்வதில்லை. பையன் வேற்றுச் சாதி; அதிலும் ஒடுக்கப்பட்ட சாதி என்றால், பெண் வீட்டார் கையிலே போக்சோ ஆயுதமாகிறது. இளையோர் காதலைத் தண்டிக்க வந்ததல்ல இச்சட்டம் என்று சென்னை உயர்நீதிமன்றமே 2021 சனவரியிலே ஒரு வழக்கைத் தள்ளுபடி செய்திருக்கிறது. சட்டத்தைத் திருத்துவதா என்பது தனி விவாதம். நான் கேட்பது: சட்டம் இப்படி இருக்கிறது என்று அந்தப் பையனுக்கு யார் சொன்னார்கள்? பள்ளிக்கூடம் சொல்லவில்லை. சிறைச்சாலை சொல்லிற்று.

அப்படியானால் எந்த வயதிலே எதைச் சொல்வது? ஐந்து வயதிலே உறுப்புகளின் பெயர், எவர் எப்போது பார்க்கலாம் என்பது. மாறுதல் வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே, ஒன்பது பத்து வயதிலே, பெண்ணுக்கும் பையனுக்கும் சேர்த்து, உடலின் மாறுதல். கைபேசி கைக்கு வரும் நாளிலேயே, மேலே நான் விவரித்த அந்தப் பாராட்டு, பரிசு, இரகசியம் என்ற தூண்டில். வளர வளர இசைவு, மறுப்பு, சட்டம், நோய், கருத்தடை. கற்பிக்க ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும்; பாதிப்பேர் கூச்சத்திலே வளர்ந்தவர்கள்தாமே, பாவம். சென்னையிலே ‘துளிர்’ அமைப்பு 2004 முதல் இப்பணியைச் செய்துவருகிறது. தமிழிலே செய்ய முடியாது என்று எவரும் சொல்லிவிட முடியாது.

இனி, தோழனே, உன்னிடமும் என்னிடமும் வருகிறேன்.

நம் மேடைகளிலே, எல்லாக் கட்சி மேடைகளிலும்தான், ஒரு பழக்கம் உண்டு. மாற்றுக் கட்சிப் பெண்ணைப் பற்றி இரட்டைப் பொருளிலே ஒரு சொல் வீசினால் கைதட்டல் கிடைக்கும். அந்தக் கைதட்டலுக்குக் கூசாத நாக்கு, மாதவிடாய் என்று சொல்லக் கூசுகிறது! இணையத்திலே நம் கொடியை முகப்புப் படமாக வைத்துக்கொண்டு, எதிர்த்தரப்புப் பெண்ணின் படத்தை வெட்டி ஒட்டிப் பரப்புகிறவன் தோழன் அல்லன். பொள்ளாச்சிக் கூட்டத்தின் தம்பி. அவனைக் குழுவிலிருந்து நீக்குவதற்கு மாவட்டத்தின் அனுமதியை எதிர்பார்க்காதே. குழந்தையைக் கெடுத்தவன் எந்தக் கரை வேட்டி கட்டியிருந்தாலும், அது நம் கரையாகவே இருந்தாலும், காவல் நிலையத்துக்குச் சிபாரிசுக்குப் போகும் கால்கள் கழகத்தின் கால்களாக இருக்கக்கூடாது. அப்படிப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உனக்கும் தெரியும்.

ஒரு தாய் உன்னிடம் ஓடிவந்தால், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்போம் என்று சொல்லாதே. இவற்றைச் சொல்: குழந்தையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துச் செல்ல வேண்டியதில்லை, வீட்டிலேயே வாக்குமூலம் பெறலாம், கேட்க வருபவர் சீருடையில் இருக்கக்கூடாது, இரவிலே குழந்தையை நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது, பெயரை எவரும் வெளியிடக்கூடாது. சட்டத்திலே உள்ளவை இவை. படத்தைக் காட்டி எவனேனும் மிரட்டினால் பணம் கொடுக்கவேண்டாம், அஞ்சி எதையும் அழிக்கவும் வேண்டாம். வந்த செய்திகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றத் தளத்திலே புகார் செய்யலாம். குழந்தைகள் பற்றிய ஆபாசப் படங்களைப் பற்றிப் பெயர் சொல்லாமலும் அங்கே தெரிவிக்கலாம். குழந்தைகள் உதவிக்கு 1098. பள்ளி மாணவர்க்கு 14417. சைபர் குற்றத்துக்கு 1930. இந்த மூன்று எண்களும் உன் படிப்பகத்துச் சுவரிலே, தலைவர் படங்களுக்குக் கீழே, எழுதப்பட்டிருக்கின்றனவா?

உன் கிளைப் படிப்பகத்திலே ஒரு ஞாயிறு மாலையை இதற்கு ஒதுக்கு. பேசுவதற்கு என்னைப் போன்றவர்களை அழைக்காதே. அரசு மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் மருத்துவர், பக்கத்துப் பள்ளியிலிருந்து தலைமையாசிரியை, மகளிர் காவல் நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி, இவர்களை அழை. மாலை அணிவிப்பு வேண்டாம், சால்வை வேண்டாம், நேரம் போய்விடும். தாய்மார்கள் வருவார்கள், சந்தேகமில்லை. தகப்பன்மாரும் வரவேண்டும் என்று துண்டறிக்கையிலே பெரிய எழுத்திலே அச்சிடு. அச்சிட்டாலும் பாதிப்பேர்தான் வருவார்கள், ஆகவே முதல் நாள் வீடுவீடாகப் போய்க் கூப்பிடு.